சிவப்புச் சதுரம்

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே நிகோல் மாடியிலிருந்து ஸ்டூடியோவுக்கு இறங்கி வந்துவிட்டாள். வாரத்தில் ஐந்து நாள் குருண் பட்டணத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் மின்சுற்றுப் பலகைகளைச் சோதிப்பது அவள் வேலை. மீதி இரண்டு நாளும் அப்பா எடுத்த கல்யாணப் படங்களைக் கணினியில் திருத்துவாள். கடைசியாக என்றைக்கு ஒன்பது மணி வரை தூங்கினோம் என்று அவளுக்கே நினைவில்லை.

மூன்று வாரமாக ஒரே கல்யாணம்தான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. அலோர் ஸ்டாரில் கனகரத்தினத்தின் ஒரே மகள் தாராவின் கல்யாணம். ஆயிரத்து எண்ணூறு படங்கள். அதில் தாலி கட்டும் நேரத்தில் அவள் அப்பா டெஸ்மண்ட் எடுத்த நாற்பத்து மூன்றும் மங்கல்.

போன சனிக்கிழமை அதைச் சொன்னதற்குத்தான் அப்பா அத்தனை கோபப்பட்டார்.

"லென்ஸ் போயிருச்சி. அவ்ளோதான். நீ கொஞ்சம் ஷார்ப் பண்ணி விடு" என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போனவர், இந்த ஒரு வாரமும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இன்று மாலை நான்கு மணிக்குக் கனகரத்தினம் வீட்டில் ஆல்பத்துக்குப் படம் தேர்வு செய்ய வேண்டும். அதற்குள் லென்ஸை ஒரு முறை சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நிகோல் முடிவு செய்தாள்.

மேசையில் ஓர் இரும்பு அடிக்கோலைச் சாய்வாக நிறுத்தினாள். அப்பாவின் பெரிய கேமராவை முக்காலியில் பூட்டினாள். லென்ஸின் வாயை முழுக்கத் திறந்து வைத்து, அடிக்கோலில் பதினைந்து என்ற எண்ணில் ஃபோக்கஸ் வைத்தாள். கை ஆட்டம் கூடாது என்பதற்காகப் பத்து விநாடி தாமதம் கொடுத்து எடுத்தாள். லென்ஸில் கோளாறு இருந்தால் பதினைந்து மங்கி, பதினான்கோ பதினாறோ தெளிவாக விழும்.

பதினைந்துதான் தெளிவாக விழுந்தது. ஐந்து முறை எடுத்தாள். ஐந்திலும் பதினைந்து.

லென்ஸ் நன்றாக இருந்தது.

ஆனால் படம் எடுக்கும்போது வேறொன்று அவளை உறுத்தியது. கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தபோது உள்ளே எல்லாமே கலங்கித் தெரிந்தது. திரைக்கு வந்த படமோ தெளிவு. பார்க்கும் துளைக்கு அருகே ஒரு சின்னச் சக்கரம் உண்டு. கண்ணாடி போடுகிறவர்கள் தங்கள் பார்வைக்கு ஏற்பத் திருப்பிக்கொள்வது. அது ஒரு பக்கத்தின் கடைசி வரை திருப்பப்பட்டு, அதற்கு மேல் நகராமல் நின்றது.

நிகோல் கொஞ்ச நேரம் அந்தச் சக்கரத்தில் விரலை வைத்தபடியே நின்றாள்.

பிறகு கணினியைத் திறந்தாள். கேமராவோடு வந்த மென்பொருளில் ஒரு வசதி இருந்தது. ஒவ்வொரு படத்திலும் ஃபோக்கஸ் எங்கே வைக்கப்பட்டது என்று சிவப்புச் சதுரம் போட்டுக் காட்டும். இத்தனை நாள் ஏன் இதைப் பார்க்கத் தோன்றவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை. ஒருவேளை பார்க்கப் பயந்திருக்கலாம்.

முதல் படம். சதுரம் மணவறையின் பின்னால் தொங்கிய மல்லிகைச் சரத்தில் இருந்தது. இரண்டாவது, ஐயரின் தோளுக்குப் பின்னால் ஒரு தூணில். மூன்றாவதும் நான்காவதும் மறுபடி மல்லிகையில். பூக்கள் ஒவ்வொன்றும் இதழ் இதழாகத் தெளிவு. அவற்றுக்கு முன்னால் கூறைச் சேலையில் குனிந்திருந்த தாரா, புகைக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தாள்.

நாற்பத்து மூன்றில் ஒன்றில்கூடச் சதுரம் முகத்தில் விழவில்லை. வைத்தவருக்கு முகம் எங்கே என்று தெரியவில்லை.

மேலே அப்பாவின் குரல் கேட்டது. கேமரா ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தார். பறவைகளைப் படம் எடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் பரஞ்சோதி ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"சார், படம் மங்கலா வந்தா ஒடனே லென்ஸ குத்தம் சொல்லாதீங்க. மொதல்ல ஃபோக்கஸ் எங்க விழுந்துச்சின்னு பாருங்க. கொக்குல விழுந்துச்சா, பின்னாடி நாணல்ல விழுந்துச்சா. அப்புறம் கம்ப்யூட்டர்ல ஷார்ப்னெஸ ரொம்ப ஏத்தாதீங்க. மங்கல் போவாது. மங்கலோட ஓரம்தான் தடிப்பாவும்."

முன்பெல்லாம் அவர் பதில்களை எழுதித்தான் அனுப்புவார். எட்டு மாதமாகத்தான் குரல் பதிவு. தட்டச்சு செய்யச் சோம்பல் என்று சொல்லியிருந்தார்.

---

அம்மா கேதரின் சமையற்கட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். டெஸ்மண்ட் குளிக்கப் போயிருந்தார். நிகோல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"மம்மி, டாடிக்குக் கண்ணு தெரியலையா?"

கத்தி நின்றது. கேதரின் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாரு சொன்னா?"

"கேமரா."

கேதரின் கத்தியைக் கழுவி வைத்தாள். துணியில் கையைத் துடைத்தாள்.

"மருந்து டப்பாவுல பேர படிக்கச் சொல்லி என்னியதான் கேப்பாரு. சர்ச்சுல பாட்டு புக்க தொறந்து வச்சிக்குவாரு, ஆனா மனப்பாடமாதான் பாடுவாரு. சக்கர வியாதி இருக்கறவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவ கிளினிக்ல கண்ணுக்குள்ள படம் எடுப்பாங்க. ரெண்டு வருஷமா போவல."

"நீங்க ஏன் சொல்லல மம்மி?"

"சொல்லாம இருப்பேனா? அடுத்த மாசம், அடுத்த மாசம்னு சொன்னாரு. அவரு பயந்துட்டாருன்னு எனக்குத் தெரியும். பயப்படற ஆள எத்தன தடவ இழுக்கறது?" கேதரின் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "நீ வேற ராவெல்லாம் ஒக்காந்து படத்த சரி பண்ணிக் குடுத்தே. எல்லாம் நல்லா வருதுன்னு அவரும் நெனச்சிக்கிட்டாரு."

அந்தக் கடைசி வார்த்தை நிகோலுக்குக் குத்தியது. உண்மைதான். ஆறு மாதமாக ஒவ்வொரு கல்யாணத்திலும் இருபது முப்பது படங்களை அவள் கூராக்கியிருக்கிறாள், ஓரம் வெட்டியிருக்கிறாள், முடியாததைச் சத்தமில்லாமல் நீக்கியிருக்கிறாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

---

இரண்டரை மணிக்குக் காரில் புறப்பட்டார்கள். டெஸ்மண்ட் காடியின் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"நீ ஓட்டு மா. எனக்கு முதுகு வலிக்குது."

நிகோல் ஓட்டினாள். கடைத்தெரு முடிந்து பெரிய ரோட்டுக்கு வந்தபோது, டெஸ்மண்ட் இடது பக்கச் சன்னலில் பார்த்தார்.

"இன்னிக்கு ஜெராய் மலைய மூட்டம் மூடிருச்சி போல."

மழை பெய்து ஓய்ந்த மதியம். மலை உச்சியிலிருந்த கம்பங்கள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன.

"இல்ல டாடி. தெளிவா இருக்கு."

அவர் வைப்பருக்கு வேலை இல்லாத கண்ணாடியை ஒரு முறை உள்பக்கம் கையால் துடைத்தார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

வயல்வெளி தொடங்கியது.

"லென்ஸ டெஸ்ட் பண்ணிட்டேன்" என்றாள் நிகோல்.

"ம்."

"லென்ஸ் நல்லா இருக்கு."

"ம்."

"ஃபோக்கஸ் எல்லாம் பின்னாடி பூவுல விழுந்திருக்கு டாடி. ஒரு படம் பாக்கியில்லாம."

டெஸ்மண்ட் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எவ்வளவு அவருக்குத் தெரிந்தது என்று நிகோலால் சொல்ல முடியவில்லை.

"நடுவுல ஒரு கறை மாதிரி இருக்கு மா" என்றார் கடைசியில். "எங்க பாக்கறேனோ அங்கயே வந்து ஒக்காந்துக்குது. ஓரத்துல எல்லாம் தெரியுது. மண்டபம் தெரியுது, கூட்டம் தெரியுது. மூஞ்ச பாத்தா மூஞ்சி மட்டும் தெரியாது."

"எப்ப இருந்து?"

"போன தீபாவளிக்கு முன்னால இருந்து."

"என் கேமரா தானாவே கண்ண தேடி ஃபோக்கஸ் பண்ணும். அத எடுத்துக்குங்கன்னு எத்தன தடவ சொன்னேன்."

"அத வாங்கினா எதுக்கு வாங்கறேன்னு நீ கேப்பேல்ல?"

நிகோலின் பையிலிருந்த மடிக்கணினியில் வேறொரு படம் இருந்தது. அதைப் பற்றி அப்பாவிடம் அவளும் சொல்லவில்லை.

---

கனகரத்தினம் முன்னறையில் மேசையைத் துடைத்து, மின்விசிறியைக் குறைத்து வைத்திருந்தார். நீர்ப்பாசன இலாகாவில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்து வைக்கிற ஆள். அவர் மனைவி இராசம்மா தட்டில் தேநீரும் பயத்தம் பணியாரமும் கொண்டுவந்து வைத்தாள்.

"பிள்ளை மெல்பர்னுக்குப் போயிட்டாள்" என்றாள். "நீங்கள் பாத்து எடுங்கோ அம்மா எண்டு சொல்லிப்போட்டுப் போனவள். எனக்கென்ன தெரியும்?"

நிகோல் மடிக்கணினியைத் திறந்தாள். பெண்ணழைப்பு, பூசை, உறவினர் கூட்டம். தூரத்திலிருந்து எடுத்த அகலமான படங்கள் நன்றாகத்தான் இருந்தன. கனகரத்தினம் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு தாளில் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

தாலி கட்டு வந்தது.

நிகோல் ஒரு கணம் தயங்கினாள். பிறகு, அப்பாவிடம் சொல்லாத அந்தப் படத்தையே திரையில் போட்டாள். மங்கிய முகத்தைக் கொடுத்தால், அது எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துத் தெளிவாக வரைந்து தருகிற ஒரு செயலி இருந்தது. வியாழக்கிழமை இரவு அதில் ஒரு படத்தைப் போட்டுப் பார்த்திருந்தாள். கண் இமை ஒவ்வொன்றும் தெரிந்தது. உதடு மின்னியது. அப்பாவைக் காப்பாற்ற அந்த ஒரு படம் போதும் என்று அன்றைக்கு நினைத்தாள்.

"நல்லா வந்திருக்கு" என்றார் கனகரத்தினம். எண்ணைக் குறிக்கப் பேனாவை எடுத்தார்.

இராசம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு அருகே குனிந்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

"இது யார்?"

"தாரா தான் ஆண்டி" என்றாள் நிகோல்.

"தாராவைப் போலத்தான் கிடக்கு." இராசம்மா தன் கீழுதட்டைத் தொட்டுக் காட்டினாள். "ஆனால் அவளுக்கு இதில ஒரு தையல் தழும்பு. ஐந்து வயசில விழுந்து உடைச்சவள். அதைக் காணேல்லை. பல்லும் அவளின்ர பல்லில்லை. இது வேற ஆரோ பிள்ளை."

வெளிச்சம் அப்படி விழுந்திருக்கும் என்று சொல்லலாமா என்று நிகோல் ஒரு நொடி நினைத்தாள்.

"அது மெஷின் போட்ட மூஞ்சி மா" என்றார் டெஸ்மண்ட்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரிந்திருக்காது. இராசம்மாவின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார்.

"என் மக எனக்காகச் செஞ்சிருக்கா. அவ தப்பு இல்ல. நான் எடுத்த படம் மங்கல். ஒன்னு இல்ல, நாப்பத்து மூனும் மங்கல். எனக்குக் கண்ணு போயிக்கிட்டு இருக்கு ஐயா. தெரிஞ்சேதான் உங்க வீட்டுக்கு வந்து நின்னேன்."

கனகரத்தினம் பேனாவை மூடினார்.

"மங்கல் படத்தைக் காட்டு பிள்ளை" என்றார்.

நிகோல் காட்டினாள். ஒன்று, இரண்டு, பத்து. அவர் நாற்பத்து மூன்றையும் பார்த்தார். நடுவில் நிறுத்தச் சொல்லவில்லை.

"எனக்கு ஒரே பிள்ளை" என்றார். குரல் உயரவில்லை. "அவளுக்கு ஒருக்கா தான் தாலி கட்டுறது. ஏலாது எண்டு முதலே சொல்லியிருந்தால் வேற ஆளைப் பிடிச்சிருப்பன். கோவிச்சிருக்கவும் மாட்டன்."

"ஆமா ஐயா."

"உங்களுக்கு வாய் வரேல்லை."

"வரல ஐயா."

நிகோல் தன் சின்னக் கேமராவின் படங்கள் இருந்த கோப்பைத் திறந்தாள். பக்கவாட்டில் நின்று எடுத்தவை. பெரிய கேமரா இருக்கிறது என்ற தைரியத்தில், அந்த நேரத்தில் அவள் ஆறே படம்தான் எடுத்திருந்தாள். மூன்றில் யாரோ கைப்பேசியை உயர்த்தி மறைத்திருந்தார்கள். இரண்டில் மணமகன் முதுகு.

ஆறாவதை அவளே போன வாரம் ஒதுக்கிவிட்டிருந்தாள். இடது மூலையில் யாருடைய முழங்கையோ நுழைந்திருந்தது. மேல் விளக்கின் மஞ்சள் எல்லார் முகத்திலும் அப்பியிருந்தது. தாராவின் முகம் பாதிதான் தெரிந்தது. ஆனால் தாலிக்கொடி அவள் கழுத்துக்குப் பின்னால் போகிற அந்தக் கணம் தெளிவாக இருந்தது. அவளுக்குப் பின்னால் கனகரத்தினம் நின்றார். சால்வைத் தலைப்பை வாயில் அழுத்திப் பிடித்திருந்தார். கண்கள் நனைந்திருந்தன.

இராசம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்கள் அழுதனீங்களா?"

கனகரத்தினம் தேநீர்க் கோப்பையை எடுத்தார். அது ஆறிப்போயிருந்தது. குடித்தார்.

"மஞ்சள குறைச்சிடலாம் ஆண்டி" என்றாள் நிகோல். "ஓரத்த வெட்டி முழங்கைய எடுத்துடலாம். மூஞ்சில கை வைக்க மாட்டேன். இது நெஜமா நடந்தது."

"முழங்கையை விடு" என்றாள் இராசம்மா. "அது என்ர அண்ணர். அவர் ஒரு படத்திலயும் ஒழுங்கா நிக்க மாட்டார். நிறத்தை மட்டும் பார். இதைப் பெரிசாப் போடுங்கோ."

கனகரத்தினம் எண்ணைக் குறித்தார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். டெஸ்மண்ட் செருப்பைக் காலால் தேடி மாட்டும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, உங்களை நான் மன்னிக்கிறன் எண்டு சொல்ல இப்ப எனக்கு மனம் வரேல்லை. பிறகு வரலாம். ஆனால் இன்னொரு வீட்டில போய் இப்பிடி நிக்காதேங்கோ."

"நிக்க மாட்டேன் ஐயா" என்றார் டெஸ்மண்ட்.

---

வீடு திரும்பும் வழி முழுவதும் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை என்று நிகோலுக்குத் தெரிந்தது. ஒரு முறை மட்டும் பேசினார்.

"ஆறு மாசமா எத்தன படத்த சரி பண்ணியிருப்ப?"

"எண்ணல டாடி."

"சொல்லியிருக்கலாம்லா."

"நீங்களும் சொல்லியிருக்கலாம்."

"ஆமாலா" என்றார். அதில் சண்டை இல்லை. சண்டை போட இருவரிடமும் தெம்பு இல்லை.

மாலைப் பூசைக்கு நேரமாகியிருந்தும் கேதரின் உடை மாற்றாமல் மேசையருகே உட்கார்ந்திருந்தாள். இவர்கள் உள்ளே வந்ததும் எழுந்தாள்.

"கிளினிக்ல வேல பாக்கற பிரேமாவதிய வீட்டுல போய்ப் பாத்தேன். அடுத்த ஞாயித்துக்கெழம காலைல ஒரு ஆள் வரலையாம். அந்த எடத்துல உங்க பேர போட்டுட்டா. எட்டு மணிக்கு. அத விட்டா நாலு மாசம் ஆவுமாம்." ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். "அதிகமா தள்ளிப்போட்டா திரும்பி வராதுன்னு சொல்றா."

அங்கே அரசாங்கக் கிளினிக்குகளுக்கு வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். டெஸ்மண்ட் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஞாயித்துக்கெழம கரங்கான்ல கல்யாணம்" என்றாள் நிகோல் மெல்ல. "பக்கிரிசாமி அங்கிள் மக, வாசுகி."

பக்கிரிசாமி டெஸ்மண்டின் பள்ளித் தோழர். இருவரும் ஒரே எஸ்டேட்டில் பிறந்தவர்கள். வாசுகியின் பெயர்சூட்டு, பிறந்தநாள், பட்டமளிப்பு எல்லாவற்றையும் படம் எடுத்தவர் டெஸ்மண்ட்தான்.

"நா எடுக்கறேன் டாடி" என்றாள் நிகோல். "தனியா எடுத்ததில்ல. ஆனா எடுக்கறேன். நீங்க இப்பவே அங்கிளுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க."

டெஸ்மண்ட் கைப்பேசியை எடுத்து, பக்கிரிசாமியின் பெயரைச் சொல்லி, அதையே அழைக்க வைத்தார். ஒலிபெருக்கியில் மணியடித்தது.

"டேய் டெஸ்மண்டு" என்று உற்சாகமாக வந்தது குரல். "இப்பதான்டா ஒன்ன பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம். மாப்ள வீட்டுல பினாங்குலேர்ந்து ஆள் கொண்டாரேன்னாங்க. நான் வேணாம்னுட்டேன். எம் மகள பொறந்த சூடு ஆறாம படம் எடுத்தவன் எங்கூட்டாளி இருக்கான், அவன்தான் வருவான்னு சொல்லிட்டேன். வாசுகியும் அதத்தான் சொல்றா. நீதானே வர்ற?"

கேதரின் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிகோல் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

டெஸ்மண்டின் உதடுகள் இரண்டு முறை அசைந்தன.

"ஆமாடா" என்றார். "நான்தான் வர்றேன்."

அந்தப் பக்கம் இன்னும் ஏதோ பேசியது. சாப்பாடு, பந்தல், காலையில் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது. அவர் எல்லாவற்றுக்கும் ம் கொட்டினார். கைப்பேசியை வைத்த பிறகும் மேசையைப் பார்த்தபடியே நின்றார்.

கேதரின் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவள் நடந்த நடை முழுவதும் அப்போதுதான் காலில் இறங்கியதுபோலப் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நிகோல் அழவில்லை, கத்தவில்லை. காலையிலிருந்து பேசியதிலேயே மிகத் தணிந்த குரலில் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம நான் கரங்கான் போறேன் டாடி. அங்கிள் என்ன சொன்னாலும் நான்தான் எடுக்கப் போறேன். எட்டு மணிக்கு நீங்க எங்க இருப்பீங்கன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. காடிய நான் எடுத்துட்டுப் போயிருவேன்."

அவள் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது. ஏழாவது படியில் கொஞ்சம் நின்றாள். கீழிருந்து யாரும் கூப்பிடவில்லை. மறுபடி ஏறினாள்.